வங்கியின் வேஷத்தில் வரும் மடல்

2007-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அபுதாபியில் உத்தியோகம் பார்த்துவந்த ஒருவருக்கு, தூத்துக்குடியில் அவர் கணக்கு வைத்திருந்த தனியார் வங்கியின் பெயரைத் தாங்கி ஒரு மின்னஞ்சல் வந்தது. இணையவழி வங்கிச் சேவைக்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பதிலில் எழுதி அனுப்பாவிடில் அவருடைய கணக்கே இல்லாமற் போய்விடும் என்று அம்மடல் எச்சரித்தது. வங்கியிலிருந்து வழக்கமாக வரும் கடிதங்களில் அதுவும் ஒன்று என்று கருதி அவர் கேட்டதை எழுதி அனுப்பினார். 6 லட்சத்து 46 ஆயிரம் ரூபாய் தம் கணக்கை விட்டு ஒரு கம்பெனியின் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருப்பதும், அதில் பெரும் பகுதி மும்பையில் காசோலை மூலம் எடுக்கப்பட்டுவிட்டதும் பின்னர்தான் அவருக்குத் தெரியவந்தன. இரகசியத்தை வாடிக்கையாளரே அஜாக்கிரதையாக வெளியிட்டுவிட்டார் என்பது வங்கியின் வாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இவ்வழக்கை விசாரித்த தமிழ்நாடு அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறிய வங்கியே அவருக்கு 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் அளிக்க வேண்டும் என்று 2010 ஏப்ரலில் தீர்ப்பளித்தார்.

அத்தீர்ப்பு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். வெளிநாடு சென்று பொருளீட்டும் அளவுக்குக் கல்வியும் உலக அனுபவமும் வாய்ந்த ஒருவர் ஒரு பொய்க் கடிதத்தை நம்பினார் என்றால், அதை அவருடைய பேதைமை என்று சொல்லி அப்பால் போய்விடுவது சுலபம். ஆனால் அக்கடிதத்தை அவரிடம் கொண்டுவந்து சேர்த்த ஏற்பாடு எத்தன்மையது, அனுப்பியவர் இன்னார் என்பதற்கு அது என்ன உத்தரவாதம் தருகிறது என்று ஆராய்ந்து பார்த்தால், குற்றத்தின் பெரும் பங்கு வேறிடத்தில் இருப்பது புலனாகும். வங்கியின் பெயரில் வரும் கள்ள மடல்களை இனங்காண விரும்புகிறவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அந்த ஏற்பாட்டைத்தான்.

ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971-இல் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பிக் காட்டியபோது, அவ்வலையில் இணைந்திருந்தவை சில பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமே. அங்கே பணிபுரிந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மடல்கள் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் முறையைத் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனதன் போஸ்டல் 1982 ஆகஸ்டில் ஒரு விதித்தொகுப்பாக வகுத்தளித்தார். எஸ்.எம்.டி.பி. என்று வழங்கும் அவ்விதிகளே, பிற்காலத்துச் சில சேர்க்கைகளோடு, இன்றும் உலகத்தின் மின்னஞ்சல் முழுவதையும் சுமந்து செல்கின்றன. அவற்றில் அனுப்புநரின் பெயரைச் சோதிக்க எந்த ஏற்பாடும் இல்லை. தபால் பெட்டியில் நாம் போடும் உறையின் மூலையில் அனுப்புநர் என்று எந்த விலாசத்தை எழுதினாலும் தபாற்காரர் அதைக் கேள்வி கேட்காமல் பெறுநரிடம் சேர்ப்பிப்பது போல, மின்னஞ்சலைச் சுமக்கும் கணினிகளும் அனுப்பியவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அப்படியே கொண்டுவந்து கொடுக்கின்றன. உறைமேல் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தின் தலைப்பில் வேறொரு பெயரும் இருந்தாலும், எஸ்.எம்.டி.பி. விதிகளின்படி அதில் தவறேதும் இல்லை. நம் கண்ணுக்குக் காட்டப்படுவதோ கடிதத்தின் தலைப்பிலுள்ள பெயர் மட்டுமே.

கைபேசியில் நிலைமை இன்னும் மோசம். சிறிய திரையில் இடம் போதாமையால், மடலைத் திறந்தவுடன் அனுப்புநரின் விலாசம் தோன்றுவதில்லை. அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரே தோன்றுகிறது. 'வாடிக்கையாளர் சேவை' என்றோ, ஒரு பெரிய வங்கியின் முழுப் பெயரையோ எவன் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளலாம். அப்பெயரை விரலால் தொட்டால்தான் பின்னாலிருக்கும் விலாசம் வெளிப்படும்; அங்கே வங்கிக்குச் சிறிதும் சம்பந்தமில்லாத ஓர் இலவச மின்னஞ்சல் விலாசம் நின்றால், மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

இக்குறையைப் போக்க அறிஞர்கள் வாளாவிருக்கவில்லை. எந்தெந்தக் கணினிகள் தன் சார்பில் மடல் அனுப்ப அதிகாரம் பெற்றவை என்று ஒரு ஸ்தாபனம் பகிரங்கமாக அறிவித்து வைக்கும் எஸ்.பி.எஃப். என்ற முறையும், மடலின்மேல் பிறர் இயற்ற முடியாத கணித முத்திரையைப் பதிக்கும் டி.கே.ஐ.எம். என்ற முறையும், இவ்விரண்டில் ஒன்றேனும் கடிதத்தின் தலைப்பிலுள்ள பெயரோடு பொருந்தித் தேறாவிட்டால் அம்மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குக் கட்டளையிடும் டிமார்க் என்ற முறையும், இந்த நூற்றாண்டின் முதல் பதினைந்து ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. பெருமளவில் மடல்களை அனுப்புவோர் இம்மூன்றையும் கைக்கொண்டாக வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் நிர்ப்பந்தித்து வருகின்றன. இதனால் ஒரு வங்கியின் சொந்த விலாசத்தையே அப்பட்டமாகக் களவாடி எழுதுவது இன்று கடினமாகிவிட்டது. ஆயினும் வஞ்சகன் அதற்கு ஒரு மாற்று உபாயம் கண்டான்: வங்கியின் பெயரைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு புதுப் பெயரைச் சில நூறு ரூபாய் கொடுத்துத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டு, அதற்கு எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் அனைத்தையும் ஒழுங்காக அமைத்துவிடுகிறான். அவனுடைய மடல் எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடுகிறது. ஏனெனில் அச்சோதனைகள் கேட்பது, இம்மடல் இப்பெயருக்கு உரியவரிடமிருந்துதான் வந்ததா என்பதை. அப்பெயருக்கு உரியவர் யோக்கியரா என்பது அவற்றின் விசாரணைக்கு அப்பாற்பட்டது. பெயரை அடையாளம் கண்டுகொள்ளும் வேலை கடைசியில் மனிதனுடைய கண்ணுக்கே வந்து சேர்கிறது.

ஆகையால் இணையப் பெயர் ஒன்றை எப்படிப் படிப்பது என்பதை எழுத்தறிவின் ஓர் அங்கமாகவே நாம் இன்று கற்க வேண்டியிருக்கிறது. பால் மொகபெட்ரிஸ் என்பவர் 1983-இல் வகுத்த முறைப்படி, புள்ளிகளால் பிரிக்கப்பட்ட இப்பெயர்களில் அதிகாரம் வலப்புறத்திலிருந்து இடப்புறமாக இறங்கி வருகிறது. ஆங்கில எழுத்துகளில் அமையும் இவற்றை இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். 'நெட்பேங்கிங்.இன்னவங்கி.காம்' என்று இருந்தால், கடைசியிலுள்ள 'காம்' என்பதற்கு முந்திய சொல்லாகிய 'இன்னவங்கி' என்பதே உரிமையாளரைக் காட்டுவது. அதற்கு இடப்புறத்தில் உள்ளவை அவ்வுரிமையாளர் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்ட உட்பிரிவுகள். இப்போது 'இன்னவங்கி.காம்.கணக்குசரிபார்ப்பு.நெட்' என்ற பெயரைப் பாருங்கள். இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண்ணுக்கு வங்கியின் பெயர் முதலிலேயே தென்பட்டு மனநிறைவு உண்டாகிவிடுகிறது. ஆனால் இதன் உரிமையாளன் 'கணக்குசரிபார்ப்பு' என்ற பெயரைப் பதிந்துகொண்ட யாரோ ஒருவன். வங்கியின் பெயர் அவன் தன் வீட்டுக்குள் ஓர் அறைக்கு இட்டுக்கொண்ட பெயர் மாத்திரமே. இணைப்பு முகவரி நீளமாக இருந்தால், முதலில் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னும், அதையடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னும் உள்ள பகுதியைத் தனியே பிரித்தெடுத்து, அதன் வலது கோடியிலிருந்து படிக்க வேண்டும். ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பின்னே வங்கியின் பெயர் எத்தனை முறை வந்தாலும் அதற்கு மதிப்பில்லை.

ரிசர்வ் வங்கி 2025-இல் செய்த ஓர் ஏற்பாடு இவ்விஷயத்தில் பாராட்டுக்குரியது. இந்திய வங்கிகள் யாவும் 'பேங்க்.இன்' என்று முடியும் பெயருக்கு அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் மாறிவிட வேண்டும் என்று அது உத்தரவிட்டது. அப்பெயர்களைப் பதிந்து கொடுக்கும் அதிகாரம் ஹைதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்கே அளிக்கப்பட்டிருக்கிறது. வங்கியல்லாதவன் அம்முடிவைக் கொண்ட பெயரைப் பணம் கொடுத்து வாங்க இயலாது. ஆனால் பெயரின் வலது கோடியில் அது இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கே இதனால் பயன். நடுவில் எங்கேனும் 'பேங்க்.இன்' என்ற எழுத்துகள் கிடப்பதைக் கண்டு திருப்தியடைகிறவரை இந்த ஏற்பாடும் காப்பாற்றாது.

கண்ணை ஏமாற்றும் வேறு சில வித்தைகளும் உண்டு. இஸ்ரேலைச் சேர்ந்த கேப்ரிலோவிச், கோன்ட்மாகர் என்ற இரு ஆய்வாளர்கள், ஆங்கில 'சி', 'ஓ' எழுத்துகளுக்குப் பதிலாக அவற்றைப் போலவே வடிவுடைய ருஷ்ய எழுத்துகளை வைத்து, மைக்ரோசாஃப்டின் பெயரைப் போலவே தோன்றும் ஒரு பெயரைப் பதிவு செய்ய முடியும் என்று 2002-இல் நிரூபித்துக் காட்டினார்கள். கணினிக்கு ஆங்கில 'ஏ' 97-ஆம் எழுத்து, ருஷ்ய 'ஏ' 1072-ஆம் எழுத்து. மனிதருக்கோ இரண்டும் ஒன்றே. இத்தகைய கலப்புப் பெயர்களை உலாவிகள் இப்போது பெரும்பாலும் வேறு உருவில் காட்டி எச்சரிக்கின்றன. ஆனால் 'ஆர்', 'என்' என்ற சிற்றெழுத்துகளை நெருக்கி எழுதி 'எம்' ஆக்குவதும், 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 1 என்ற இலக்கத்தை வைப்பதும் இவ்வெச்சரிக்கைக்குப் பெரும்பாலும் அகப்படாத பழைய தந்திரங்கள்.

தோற்றத்தை நம்பி இனங்காண முயல்வது எத்துணைப் பயனற்றது என்பதை 2006-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ரச்னா தமீஜாவும், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டைகர், ஹெர்ஸ்ட் என்ற இருவரும், 22 பேருக்கு 20 இணையத் தளங்களைக் காட்டி, மெய் எது பொய் எது என்று பிரிக்கச் சொன்னார்கள். அவற்றில் அமெரிக்காவில் அப்போது இயங்கிய பேங்க் ஆஃப் தி வெஸ்ட் என்ற வங்கியின் போலித் தளம், 'டபிள்யூ' எழுத்துக்குப் பதில் இரண்டு 'வி' எழுத்துகளை அடுத்தடுத்து வைத்த பெயரில் அமைந்திருந்தது. 22 பேரில் 20 பேர் அதை மெய்யென்று முடிவு கட்டினார்கள். அப்பக்கத்தில் அசையும் கரடிப் படம் ஒன்று இருந்தது. இவ்வளவு நேர்த்தியான படத்தைப் போலிசெய்ய எவன் பிரயாசைப்படுவான் என்று கருதி நம்பியவர்களும் உண்டு. ஆனால் பிரயாசை எதுவும் தேவைப்படுவதில்லை. வங்கியின் சின்னமும் நிறமும் படங்களும் அதன் மெய்யான தளத்திலிருந்து சில நொடிகளில் பிரதி எடுத்துவிடக் கூடியவை. எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் மலிந்திருந்தால் கள்ள மடல் என்று அறியலாம் என்ற பழைய உபதேசமும் காலங்கடந்துவிட்டது. வேண்டிய மொழியில் பிழையின்றி எழுதித் தரும் மென்பொருள்கள் இன்று எவனுடைய கைக்கும் எட்டும். பிழை இருந்தால் சந்தேகிப்பது சரிதான். பிழையில்லை என்பதற்காக நம்புவதுதான் ஆபத்து.

உலாவியின் முகவரிப் பட்டையில் தோன்றும் பூட்டுச் சின்னமும் இவ்வாறே தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. நமக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாது என்பதே அதன் பொருள். மறுமுனையில் திருடன் உட்கார்ந்திருந்தால், அவனுக்கும் நமக்கும் இடையிலான பேச்சைப் பிறர் கேட்காதபடி அது பத்திரமாகக் காக்கும். இதற்குரிய சான்றிதழ் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அச்சின்னத்தின் சரியான பொருளை அறிந்தவர்கள் 11 சதவீதத்தினரே என்று 2021-இல் தான் நடத்திய ஆய்வில் கண்டறிந்த கூகுள், 2023-இல் தன் குரோம் உலாவியிலிருந்து அதை எடுத்தே விட்டது.

இத்தனை சூட்சுமங்களையும் கற்றவர்கள்கூட ஏமாறுகிறார்கள். காரணம், கள்ள மடல் நம் அறிவோடு வாதாட வருவதில்லை. 'உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது, இன்றிரவுக்குள் புதுப்பிக்காவிடில் கணக்கு முடக்கப்படும்' என்ற வாக்கியம், மாதக் கடைசியில் வீட்டுக் கடன் தவணையை எண்ணிக்கொண்டிருப்பவரிடமோ, ஓய்வூதியம் ஒன்றையே நம்பியிருக்கும் முதியவரிடமோ உண்டாக்கும் கலக்கத்தில், முகவரியின் வலது கோடியைப் பார்க்க வேண்டும் என்ற நினைவு எழுவதில்லை. அவசரமும் அச்சமும் அக்கடிதத்தின் உயிர்நாடி. சில சமயம் அச்சத்துக்குப் பதில் ஆசை வரும்: வருமான வரி திரும்பக் கிடைக்கும் என்றோ, அட்டையில் சேர்ந்த வெகுமதிப் புள்ளிகள் நாளையோடு வீணாகும் என்றோ. காலக்கெடு மட்டும் இரண்டிலும் மாறுவதில்லை.

இணைப்பைத் தொட்டபின் நடப்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் கடவுஎண் இருக்கும்வரை பயமில்லை என்று பலர் நம்பியிருக்கிறார்கள். இணையத்தில் அட்டையைப் பயன்படுத்துவதற்கு இரண்டாவது ஒரு சான்று வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு முதல் கட்டாயமாக்கியது. எத்தனையோ திருட்டுகளை அது தடுத்திருக்கிறது. ஆனால் பொய்ப் பக்கத்தில் வாடிக்கையாளர் தம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டவுடன், அதன் பின்னாலுள்ள மென்பொருள் அவற்றை அக்கணமே வங்கியின் மெய்யான தளத்தில் இடுகிறது. தன் வாடிக்கையாளரே வந்திருக்கிறார் என்று எண்ணிய வங்கி, அவருடைய கைபேசிக்கு ஓ.டி.பி.யை அனுப்புகிறது. மெய்யான வங்கியிடமிருந்து மெய்யான எண் வந்ததைக் கண்டவுடன், வாடிக்கையாளரின் மனத்தில் எஞ்சியிருந்த சிறு சந்தேகமும் நீங்கிவிடுகிறது. அவர் அதையும் பொய்ப் பக்கத்தில் இடுகிறார். காவலுக்கு வைத்த எண்ணே, திருடன் யோக்கியன் என்பதற்குச் சாட்சியாகிவிடும் கொடுமை இது. அந்தக் குறுஞ்செய்தியில் இன்ன காரியத்துக்கு, இத்தனை ரூபாய்க்கு என்று எழுதியிருக்குமே, அதை முழுவதும் படித்தவர் அக்கடைசிக் கட்டத்திலும் தப்பியிருப்பார். நம்மில் பெரும்பாலோர் ஆறு இலக்கங்களை மட்டுமே படித்துவிட்டு மேலே செல்கிறோம்.

ஆகவே மடல் மெய்யா பொய்யா என்று தீர்மானிக்கும் பொறுப்பையே தலையில் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது உத்தமம் என்பது என் கருத்து. வங்கி உண்மையிலேயே ஏதேனும் கேட்கிறது என்றால், அம்மடலை மூடிவிட்டு, நாமே வழக்கமாகத் திறக்கும் செயலியையோ, நாமே தட்டெழுதும் முகவரியையோ திறந்து பார்த்தால் அச்செய்தி அங்கேயும் இருக்கும். கிளைக்கு நேரில் போனாலும், அட்டையின் பின்புறத்தில் அச்சிட்ட எண்ணைக் கூப்பிட்டாலும் தெரிந்துவிடும். மடல் காட்டும் வழியில் மட்டும் போகலாகாது. அதில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணும் அவ்வழியைச் சேர்ந்ததே. இந்த இடத்தில் வங்கிகளின்மேல் எனக்கு மனக்குறை உண்டு. இணைப்பைத் தொடாதீர்கள் என்று ஒரு நாள் எச்சரிக்கை அனுப்பிவிட்டு, மறுநாளே கடன் வேண்டுமா, புதிய அட்டை வேண்டுமா என்று இணைப்புகள் நிறைந்த விளம்பர மடல்களை அனுப்பும் வங்கி, தன் வாடிக்கையாளரைத் தானே ஏமாறப் பழக்குகிறது.

மனிதக் கண்ணின் பலவீனத்தை அறவே விலக்கும் வழிகளும் இருக்கின்றன. கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள், எந்தத் தளத்துக்கு எந்தக் கடவுச்சொல் என்பதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே நிரப்புகிறது. இரண்டு 'வி' அதற்கு ஒரு 'டபிள்யூ' ஆகத் தோன்றாது. வழக்கமாகத் தானே நிரப்பும் மென்பொருள் ஒரு பக்கத்தில் நிரப்ப மறுத்தால், அவ்விடத்திலேயே நின்றுவிட வேண்டும். 2019-இல் உலக இணையக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட நியமத்தின்படி அமைந்த 'பாஸ்கீ' என்ற திறவுகோல் இதைவிட உறுதியானது. அதில் வாடிக்கையாளர் சொல்லிவிடக் கூடிய இரகசியம் எதுவுமே இல்லை. கைபேசிக்குள் இருக்கும் கணிதச் சாவி, தான் பதிந்த தளத்தின் பெயர் பொருந்தினாலன்றி இயங்காது. நம் நாட்டு வங்கிகள் யாவும் விரைவில் இதைக் கைக்கொள்ள வேண்டும்.

ஏமாந்துவிட்டோம் என்று உணர்ந்தவர் செய்ய வேண்டியதை வெட்கம் தாமதப்படுத்துகிறது. மகனோ மருமகளோ என்ன நினைப்பார்களோ என்று ஓரிரவு மனத்துக்குள் வைத்துப் புழுங்குகிறவர்கள் ஏராளம். அவ்விரவுக்குள் பணம், திருடன் வாடகைக்கு எடுத்த கணக்குகள் பலவற்றைக் கடந்து எங்கோ போய்விடுகிறது. 1930 என்ற தேசிய உதவி எண்ணைக் கூப்பிட்டால், பணம் சென்றுகொண்டிருக்கும் வழியிலுள்ள வங்கிகளுக்குச் செய்தி போய், எடுக்கப்படாமல் மிஞ்சியதை அங்கங்கே நிறுத்திவைக்க வகையுண்டு. தம் வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கடவுச்சொல்லைத் தாமே வெளியிட்ட வாடிக்கையாளர், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த நஷ்டத்தைத் தாமே ஏற்க வேண்டியவர். தெரிவித்த பிறகு நேரும் நஷ்டம் வங்கியைச் சாரும். வாடிக்கையாளர்தான் பொறுப்பாளி என்பதை நிரூபிக்கும் கடமையையும் அச்சுற்றறிக்கை வங்கியின்மேலேயே சுமத்தியது. வந்த மடலை ஆத்திரத்தில் அழித்துவிடலாகாது. அதன் தலைப்புக்குப் பின்னே, கண்ணுக்குத் தெரியாமல், அது கடந்துவந்த கணினிகள் ஒவ்வொன்றும் எழுதிவைத்த வரிகள் இருக்கின்றன. அவற்றில் பயணத்தின் தொடக்கத்தைக் காட்டுபவற்றை வஞ்சகன் புனைந்திருக்கலாம், ஆனால் நம் அஞ்சல் சேவையின் சொந்தக் கணினி கடைசியாக எழுதிய வரியில், மடலைத் தன்னிடம் கொண்டுவந்து கொடுத்த கணினியின் எண் அவன் கைபடாமல் பதிந்திருக்கும், காவல்துறை தன் விசாரணையைத் தொடங்குவதற்கு அந்த எண் உதவும்.